திம்புவில் ஒரு கோல், சென்னையில் ஒரு தீர்மானம்

2024 அக்டோபர் 29 அன்று, பூட்டான் தலைநகர் திம்புவின் சாங்லிமிதாங் மைதானத்தில் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்பும் வங்கதேசத்தின் பசுந்தரா கிங்ஸ் கிளப்பும் மோதின. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு அந்தப் பருவத்தில் புதிதாகத் தொடங்கிய சேலஞ்ச் லீக் தொடரின் பிரிவுச் சுற்று ஆட்டம் அது. முதல் நிமிடத்திலேயே ஈஸ்ட் பெங்கால் ஒரு கோல் போட்டது. முதல் பாதி முடிவதற்குள் நான்கு கோல்கள் விழுந்துவிட்டன. மூன்றாவது கோலை அடித்தவர் நந்தகுமார் சேகர். வடசென்னையில் பந்து உதைத்து வளர்ந்த இளைஞர். பக்கத்து நாட்டின் தொடர் வெற்றியாளர்களை மூன்றாவது நாடு ஒன்றின் மண்ணில் வீழ்த்திய அணியில் நம் ஊர்க்காரர் ஒருவரின் பெயர் இருந்தது.

அதே வாரத்தில் சென்னையில் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. பெருநகர சென்னை மாநகராட்சி, தன் வசமுள்ள 9 செயற்கைப் புல் கால்பந்து மைதானங்களைத் தனியாரின் பராமரிப்பில் விடவும், அங்கு விளையாடுவோரிடம் ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வசூலிக்கவும் மாமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றியது. எதிர்ப்புக் கிளம்பியதும் ஓரிரு நாள்களில் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. மைதானங்கள் கட்டணமின்றித் தொடரும் என்று அறிவிப்பு வந்தது. தீபாவளிக்கு முந்தைய பரபரப்பில் பலரும் அச்செய்தியைக் கடந்து போனார்கள்.

இவ்விரு செய்திகளையும் விளையாட்டுப் பக்கமும் உள்ளூர்ப் பக்கமும் தனித்தனியே அச்சிட்டன. சேர்த்து வாசிக்க வேண்டியவை இவை. நாடுகளின் எல்லையைத் தாண்டும் கிளப் தொடர்களைக் குறித்துப் பேசும்போது விசா, பாஸ்போர்ட், அரசியல் உறவு என்றே பேச்சு போகிறது. ஒரு சேரிப் பிள்ளை அந்தத் தொடர் வரை போய்ச் சேரக் கடக்க வேண்டிய முதல் எல்லை அவனுடைய தெருமுனை மைதானத்தின் இரும்புக் கதவில் இருக்கிறது. அந்தக் கதவைப் பற்றிப் பேச யாரும் இல்லை என்பதால் நாம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் தொடரைப் பார்ப்போம். 2024 ஜனவரியில் புவனேசுவரத்தில் ஒடிசா அணியைக் கூடுதல் நேரத்தில் 3–2 என வென்று ஈஸ்ட் பெங்கால் சூப்பர் கோப்பையைக் கைப்பற்றியது. அந்த வெற்றிதான் ஆசியப் போட்டிக்கான நுழைவுச் சீட்டு. ஆகஸ்டில் துர்க்மெனிஸ்தானின் அல்டின் அசிர் அணியிடம் 2–3 எனத் தோற்றதால் ஒரு படி கீழே உள்ள சேலஞ்ச் லீக்கில் இடம் பெற்றது. அங்கே பூட்டானின் பாரோ, வங்கதேசத்தின் பசுந்தரா கிங்ஸ், லெபனானின் நெஜ்மே ஆகிய மூன்றும் அதே பிரிவில். ஒரு வாரத்தில், ஒரே நகரத்தில், கடல்மட்டத்துக்கு மேல் 2,300 மீட்டர் உயரத்தில் எல்லா ஆட்டங்களும். பாரோவுடன் 2–2 என டிரா, பசுந்தராவை 4–0, நெஜ்மேயை 3–2. பிரிவில் முதலிடம் பிடித்துக் காலிறுதிக்குப் போய், 2025 மார்ச்சில் துர்க்மெனிஸ்தானின் அர்கடாக் அணியிடம் இரு ஆட்டங்களிலும் தோற்று வெளியேறியது.

அந்த அக்டோபரில் இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் இடையிலான உறவு எந்த நிலையில் இருந்தது என்பதை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. ஆகஸ்ட் 5 அன்று ஷேக் ஹசீனா டாக்காவை விட்டு வெளியேறி இந்தியா வந்திருந்தார். வங்கதேசத்தவர்க்கான இந்திய விசா பெருமளவு நின்றுபோயிருந்தது. அரசுகள் முகம் திருப்பி நின்ற நேரத்தில் இரு நாட்டுக் கிளப்புகளும் பூட்டானில் சந்தித்துக் கைகுலுக்கின. 2025 டிசம்பரில் காத்மாண்டுவில் நடந்த தெற்காசியப் பெண்கள் கிளப் போட்டியும் இப்படித்தான். அந்த ஆண்டு மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் ஏவுகணைகளை வீசிக்கொண்டன. ஏழு மாதம் கழித்து ஈஸ்ட் பெங்கால் பெண்கள் அணியும் கராச்சி சிட்டி பெண்கள் அணியும் நேபாளத்தின் தசரத் மைதானத்தில் ஆடின. இறுதியாட்டத்தில் நேபாளத்தின் ஏ.பி.எஃப். அணியை 3–0 என வென்று கோப்பையை எடுத்தது ஈஸ்ட் பெங்கால். ஆகவே இத்தகைய தொடர்களை வெறும் வணிகம் என்று ஒதுக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஈஸ்ட் பெங்கால் என்ற பெயரையே சற்று யோசித்துப் பாருங்கள். இப்போது வேறொரு நாடாக இருக்கும் நிலத்தின் பெயரை 1920 முதல் சுமக்கும் கிளப் அது. பிரிவினைக்குப் பின் எல்லையைக் கடந்து வந்த அகதிகளின் உணர்ச்சி அதன் சிவப்பு–தங்க நிறத்தோடு கலந்தது. ஆனால் அந்த எல்லையை எல்லோரும் ஒரே மாதிரிக் கடக்கவில்லை. முதலில் வந்த மேல்சாதிக் குடும்பங்கள் கொல்கத்தாவின் விளிம்பில் குடியிருப்புகளை அமைத்துக்கொண்டன. பிந்தி வந்த நாமசூத்திரர்கள் தண்டகாரண்யக் காட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கிருந்து திரும்பி மரிச்ஜாப்பித் தீவில் குடியேறியவர்கள் 1979-இல் என்ன ஆனார்கள் என்பதை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1946-இல் புரட்சியாளர் அம்பேத்கரை அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்பி வைத்த சமூகம் அது. எல்லை என்பது வரைபடத்தில் ஒரே கோடாக இருந்தாலும் அதைக் கடப்பவரின் சாதியைப் பொறுத்து உயரம் மாறுகிறது.

சென்னையின் தீர்மானத்துக்கு வருவோம். ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் என்பது கார் வைத்திருப்பவருக்கு ஒரு காப்பிக் காசு. ஒரு பிள்ளை தினமும் ஒரு மணி நேரம் பயிற்சி செய்தால் மாதம் 3,600 ரூபாய். பக்கத்துக்கு ஏழு பேராக இரண்டு அணி ஆடினால் ஒரு மணி நேரத்துக்கு 1,680 ரூபாய். ஒரு வீட்டில் பாத்திரம் துலக்கித் தரை துடைக்கும் பெண்ணுக்கு மாதம் முழுவதும் கிடைக்கும் கூலி பல இடங்களில் 3,600-ஐ எட்டுவதில்லை. அந்தப் பெண்ணின் மகன் இரண்டு மணி நேரம் பயிற்சி செய்ய வேண்டுமென்று எந்தப் பயிற்சியாளர் சொல்ல முடியும்? பணம் கட்டியவன் உள்ளே இருக்கும்போது கம்பி வலைக்கு வெளியே நின்று, வெளியே வந்து விழும் பந்தை எடுத்துப் போடுகிறவனாக அவன் ஆகியிருப்பான்.

செயற்கைப் புல்லைப் பராமரிக்கச் செலவாகும், இரவு விளக்குக்கு மின்கட்டணம் ஆகும், காவலுக்கு ஆள் வேண்டும், மாநகராட்சி எங்கே போகும் என்ற வாதம் அப்போது வைக்கப்பட்டது. செலவு உண்மைதான், அதை மறுப்பதற்கில்லை. பராமரிப்பில்லாமல் கிழிந்து, முழங்காலைச் சிராய்க்கும் விரிப்பாகிப்போன புல்தரைகளையும் நாம் கண்டிருக்கிறோம். ஆனால் பூங்காவில் நடைப்பயிற்சி செய்பவரிடம் மணிக்கு 120 ரூபாய் கேட்க எந்த மாமன்றமும் துணியாது. நடைப்பயிற்சிக்கு வருபவர் யார், கால்பந்து மைதானத்துக்கு வருபவர் யார் என்பதில் இந்த வித்தியாசத்துக்கான விளக்கம் இருக்கிறது. பொதுப்பணத்தில் எழுந்த ஒன்றுக்குச் செலவுக் கணக்குப் பார்க்கும் ஆசை, அதைப் பயன்படுத்துவோர் ஏழைகளாக இருக்கும்போது மட்டும் பிறக்கிறது.

இதில் தேதி ஒன்றும் உறுத்துகிறது. 1924-இல் சென்னை மாகாண சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம், பொதுமக்கள் கூடும் இடம் எதிலும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நுழையவும் புழங்கவும் உரிமை உண்டு என்பது அதன் சாரம். சபை அதை ஏற்றது; அரசாணையும் வந்தது. அந்த ஆணைக்குச் சரியாக நூறு ஆண்டு நிறைந்தபோது, அதே நகரத்தின் மாமன்றம் பொது இடம் ஒன்றின் வாசலில் காசு வாங்கும் மேசையைப் போட முடிவெடுத்தது. சாதியின் பெயரால் தடுப்பது சட்டப்படி குற்றம். கட்டணத்தின் பெயரால் தடுப்பது வருவாய்ப் பெருக்கம். வெளியே நிற்கும் பிள்ளைகளின் முகவரி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே.

வியாசர்பாடியை ‘குட்டி பிரேசில்’ என்று பத்திரிகைகள் எழுதுவது வழக்கம். அந்தச் செல்லப்பெயர் எனக்குப் பிடிப்பதில்லை. பிரேசிலோடு ஒப்பிட்டுவிட்டால் அங்குள்ள ஒழுகும் வீடுகளைப் பற்றி எழுத வேண்டியதில்லை என்றாகிவிடுகிறது. ஆயினும் அங்கு நடந்தது சாதாரணக் காரியமல்ல. தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் அப்பகுதியில், குப்பையும் முட்புதரும் கிடந்த நிலத்தைப் பகுதி இளைஞர்களே சீர்செய்து மைதானமாக்கினார்கள். 1990-களின் கடைசியில் இருந்து அங்கேயே பிறந்து வளர்ந்த பயிற்சியாளர்கள் காலையும் மாலையும் பிள்ளைகளைத் திரட்டினார்கள்; படிப்பை நிறுத்தாதவனுக்கே பந்து என்று விதி வைத்தார்கள். அங்கிருந்து தனபால் கணேஷ் இந்திய அணி வரைக்கும் போனார், சென்னையின் எஃப்.சி. ஐ.எஸ்.எல். பட்டம் வென்ற காலத்தில் அதன் நடுக்களத்தில் நின்றார். ரயில்வே, சுங்கத்துறை, வங்கி அணிகளுக்கு எத்தனையோ பேர் போனார்கள். இவை அனைத்துக்கும் மூலதனமாக இருந்தது காசு கேட்காத ஒரு துண்டு நிலம்.

நான் வசிக்கும் மேனாம்பேட்டில் அப்படியொரு துண்டு கிடைப்பது அரிதாகி வருகிறது. ஒரு பக்கம் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் மதில்கள். மறுபக்கம் அடுக்குமாடி வீடுகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலிமனை ஒன்றில் பையன்கள் ஆடுவார்கள். இரண்டு செருப்புகள் ஒரு கோல் கம்பம், இரண்டு செங்கல் மற்றொன்று. கொரட்டூரில் இருந்தும் பட்டரவாக்கத்தில் இருந்தும் எதிரணி வரும். மனைக்காரர் சுற்றுச்சுவர் எழுப்பினால் அடுத்த மனைக்கு நகர வேண்டும். சில ஆண்டுகளில் மூன்று மனை மாறியிருக்கிறார்கள். அவர்களில் மூத்தவர்கள் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலிகள். இரவு ஷிப்ட் முடிந்து நேராக ஆட வருபவர்களும் உண்டு. பக்கத்தில் தனியார் டர்ஃப் இருக்கிறது. மணிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல். மாதத்துக்கு ஒருமுறை, சம்பளம் வந்த வாரத்தில், பங்கு போட்டு அங்கே ஓர் இரவு ஆடுவது அவர்களுக்குத் திருவிழா. மறுநாள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். எத்தனை கோல் என்பதைவிட, விழுந்தாலும் தோல் உரியாத தரையைப் பற்றித்தான் பேச்சு அதிகம்.

தெருமுனையில் தொடங்கும் இந்த இடப் பஞ்சம் மேலே போகப் போகத் தீர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். 2019 மார்ச்சில் சென்னையின் எஃப்.சி. கிளப்பும் இலங்கையின் கொழும்பு எஃப்.சி. கிளப்பும் ஏ.எஃப்.சி. கோப்பையின் தகுதிச் சுற்றில் மோதின. இரு பக்கத்துத் தமிழ் ரசிகர்களுக்கும் இதைவிடப் பொருத்தமான சந்திப்பு அமையுமா? மார்ச் 6 அன்று கொழும்பில் 0–0. மார்ச் 13 அன்று சென்னை அணியின் சொந்த மண் ஆட்டத்தில் 1–0 எனச் சென்னை வென்றது. அந்தச் ‘சொந்த மண்’ அகமதாபாத். கொழும்பில் இருந்து சென்னைக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. சென்னையில் மைதானம் கிடைக்காமல், அண்டை நாட்டு அணியைக் குஜராத்துக்கு வரவழைத்து ஆடினார்கள். நேபாளத்தின் மனாங் மர்ஸ்யாங்தி, டாக்காவின் அபஹானி ஆகிய அணிகளோடு அடுத்து நடந்த பிரிவுச் சுற்றிலும் சென்னை அணிக்கு வீடு அகமதாபாத்தான்.

அடுத்த ஆண்டும் அதே கதை. 2018–19 ஐ-லீக் பட்டத்தை வென்ற சென்னை சிட்டி எஃப்.சி., கோயம்புத்தூரில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் முன்னிலையில் ஆடி வளர்ந்த அணி. 2020 மார்ச்சில் மாலத்தீவின் மாசியா அணியை ஏ.எஃப்.சி. கோப்பையில் எதிர்கொண்டபோது அது சொந்த மண்ணாகக் கொண்டதும் அகமதாபாத்தையே. 2–2 என டிரா. அதோடு கொரோனா வந்து தொடர் ரத்தானது. 2020–21 பருவத்துக்குப் பின் அந்தக் கிளப் ஐ-லீக்கில் ஆடவில்லை. தமிழ்நாட்டின் இரண்டு கிளப்புகள் அடுத்தடுத்து எல்லை தாண்டும் தொடருக்குத் தகுதி பெற்றன. தமிழ்நாட்டில் ஒருவரும் தம் ஊரில் உட்கார்ந்து அதைப் பார்க்கவில்லை.

மைதானம், நிதிநிலை, நிர்வாகப் பணியாளர், சட்டத் தகுதி, இளையோர் அணி எனப் பல அளவுகோல்களை வைத்து ஆசியக் கூட்டமைப்பு கிளப்புகளுக்கு உரிமம் தருகிறது. உரிமம் இல்லாமல் ஆசியத் தொடரில் ஆட முடியாது. இது நியாயமான ஏற்பாடாகவே தோன்றும். சம்பளம் தராத கிளப்பைத் தடுக்க இப்படியொரு விதி தேவைதான். ஆனால் அந்தப் படிவத்தில் விடுபட்டிருக்கும் கேள்விகளையும் பார்க்க வேண்டும். மைதானத்தில் எத்தனை இருக்கை, எவ்வளவு வெளிச்சம் என்று கேட்பவர்கள், அந்த நகரத்தின் பிள்ளைகள் கட்டணமின்றி ஆட எத்தனை இடம் இருக்கிறது என்று கேட்பதில்லை. இளையோர் அணி இருக்கிறதா என்று கேட்பவர்கள், அதில் சேர மாதக் கட்டணம் எவ்வளவு என்று கேட்பதில்லை.

வட அமெரிக்காவில் அமெரிக்காவின் எம்.எல்.எஸ். கிளப்புகளும் மெக்சிகோவின் லிகா எம்.எக்ஸ். கிளப்புகளும் மோதும் லீக்ஸ் கோப்பை என்ற தொடர் இருக்கிறது. மெஸ்ஸி வந்த 2023-இல் இருந்து அது உலகச் செய்தியானது. 2023, 2024, 2025 மூன்று ஆண்டுகளிலும் அதன் ஆட்டங்கள் அமெரிக்க, கனடிய மண்ணிலேயே நடந்தன. மெக்சிகோவில் ஒன்றுகூட இல்லை. காரணம் எளிது: டாலரில் நுழைவுச்சீட்டு வாங்கும் மெக்சிகோக் குடியேறிகள் அங்கேதான் இருக்கிறார்கள். இரண்டு லீக்குகளும் சமம் என்று சொல்லிக்கொண்டே ஒருவரை எப்போதும் விருந்தாளியாக வைத்திருக்க முடியும். கிராமத்துத் தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையை அறிந்த நமக்கு அந்த ஏற்பாடு புதிதாகத் தெரியாது.

வேலை என்னும் விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் நம் இளைஞர்கள் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். வடசென்னையில் கால்பந்து ஏன் வேர் பிடித்தது என்பதற்கு ஆலைகளும் ரயில்வேயும் ஒரு முக்கியமான காரணம். சென்னை லீக்கில் ஐ.சி.எஃப்., தென்னக ரயில்வே, இந்தியன் வங்கி, சுங்கத்துறை போன்ற அணிகள் ஆடின. அவற்றில் இடம் பிடித்தால் நிரந்தர வேலை. நாற்பது வயதில் கால் ஓய்ந்தாலும் ஓய்வூதியம் வரை ஒரு மேசை இருக்கும். தலித் குடும்பங்களில் முதல் அரசுச் சம்பளம் பந்தின் வழியாக வந்த வீடுகள் வடசென்னையில் பல உண்டு. இடஒதுக்கீடு எட்டாத இடத்தில் விளையாட்டு ஒதுக்கீடு எட்டியது. ஆனால் ஒரு துறை அணி எவ்வளவு நன்றாக ஆடினாலும் உரிம முறையின் கீழ் ஆசியத் தொடருக்குப் போக வழியில்லை. அந்தப் பாதை நிறுவனக் கிளப்புகளுக்கு உரியது.

நிறுவனக் கிளப் தருவது ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் வரும் தொகை பெரிதுதான். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 2025-இல் நடந்ததைக் கவனியுங்கள். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் ஐ.எஸ்.எல். தொடரை நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் டிசம்பரில் முடிய இருந்தது. புதுப்பிப்பதில் இழுபறி ஏற்பட்டது. ஜூலையில் தொடர் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு, சென்னை உள்ளிட்ட கிளப்புகள் சம்பளத்தையும் செயல்பாட்டையும் நிறுத்திவைத்தன. கடைசியில் 2026 பிப்ரவரி 14 அன்றுதான் சுருக்கப்பட்ட பருவம் தொடங்கியது. வசதியான வீட்டில் இருந்து வந்த வீரருக்கு அது ஓர் இடைவெளி. வாடகை வீட்டில் ஐந்து பேரைத் தாங்கும் வீரருக்கு அந்த மாதங்களின் பொருள் வேறு. எல்லை தாண்டி ஆடப்போன அதே கால்கள் அடுத்த மாத அரிசிக்குக் கணக்குப் பார்க்க வேண்டிய நிலை, தனிநபரின் துரதிர்ஷ்டம் ஆகாது. துறை அணிகளைச் சுருங்கவிட்டு, அவற்றின் இடத்தில் பாதுகாப்பற்ற ஒப்பந்தத்தை வைத்ததன் விளைவு. தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீட்டை முழுமையாக நிரப்பச் சொல்லும் கோரிக்கை ஆகவே கால்பந்துக்கு வெளியே உள்ள கோரிக்கை அல்ல.

பெண்களின் கதையில் எல்லையே காணாமல் போயிருந்தது. 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என வென்று, மதுரையின் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தை எடுத்தது. சிற்றூர்களில் இருந்து வந்த பெண்கள் பலர் ஆடிய அணி அது. அதே ஆண்டு நவம்பரில் ஆசியாவின் முதல் பெண்கள் கிளப் போட்டி சோதனை முயற்சியாக நடந்தபோது ஜப்பான், தென்கொரியா, சீனா, ஆஸ்திரேலியா ஆகிய நான்கு நாட்டுக் கிளப்புகள் மட்டும் அழைக்கப்பட்டன. தெற்காசியாவுக்குள் ஒரு போட்டி வர 2025 டிசம்பர் ஆயிற்று. நடுவில், 2022 ஆகஸ்டில், கேரளத்தின் கோகுலம் பெண்கள் அணி ஆசியப் போட்டிக்காகத் தாஷ்கண்டில் இறங்கியபோது ஃபிஃபா இந்தியக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்திருந்தது. கூட்டமைப்பின் நாற்காலிச் சண்டைக்காக, விமானம் ஏறிப் போன பெண்கள் ஆடாமல் திரும்பினார்கள். பத்து நாள் கழித்துத் தடை நீங்கியது. போட்டி அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை.

எல்லை தாண்டி ஆடிய ஒருவருக்கு ஊர் திரும்பியதும் எல்லைகள் கரைந்துவிடுமா? 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய கிரிக்கெட் அணியில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியவர் தலித் பந்துவீச்சாளர் பல்வாங்கர் பாலு. திரும்பி வந்த பிறகும் இந்துக்கள் அணியின் தலைமைப் பதவி அவருக்குத் தரப்படவில்லை. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி தோற்றதும், ஹரித்துவார் அருகே வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் வெடி வெடித்துச் சாதிப் பெயர் சொல்லி ஏசினார்கள். 2025-இல் பஹ்ரைனில் இளையோர் கபடித் தங்கம் வென்று வந்த கார்த்திகாவைத் தமிழ்நாடு கொண்டாடியது, நல்லது. அவர் வளர்ந்த கண்ணகி நகர், நகரத்தின் நடுவில் இருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட மக்களைக் கொண்டுபோய் இறக்கிய இடம் என்பதை அந்தக் கொண்டாட்டத்தில் எத்தனை பேர் நினைத்தார்கள்? வீராங்கனையை மேடைக்கு அழைக்கும் நகரம், அவருடைய பகுதியின் பெயரை வேலைக்கான விண்ணப்பத்தில் கண்டால் முகம் சுளிக்கிறது. அங்குள்ள இளைஞர்களே இதைச் சொல்லிச் சலித்துவிட்டார்கள்.

இந்நிலையில் 2024 அக்டோபரின் பின்வாங்கலை வெற்றி என்று எடுத்துக்கொண்டு நாம் கலைந்து போனது பிழை. ஒரு மாமன்றத் தீர்மானம் வந்தது. இன்னோர் அறிவிப்பால் போனது. நாளை வேறு பெயரில், ‘பராமரிப்புப் பங்களிப்பு’ என்றோ ‘முன்பதிவுக் கட்டணம்’ என்றோ அது திரும்பி வரலாம். மாநகராட்சி மைதானங்களில் பகுதிப் பிள்ளைகளின் பயிற்சிக்கு எந்த வடிவத்திலும் கட்டணம் கிடையாது என்பதை விதியாகவே எழுதச் செய்ய வேண்டும். பராமரிப்புச் செலவை ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பில் காட்டச் சொல்ல வேண்டும். அம்பத்தூர் நகராட்சி 2011-இல் சென்னையோடு இணைந்து 7-ஆம் மண்டலமானது. வரி நகரத்து வரியானது. நகரத்து மைதானம் எத்தனை வந்தது என்று மண்டல அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்பது, கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு பிற்பகலில் செய்துவிடக்கூடிய வேலை. மனுவில் மைதானத்தின் பெயர், பரப்பு, திறக்கும் நேரம், சாவி யாரிடம் இருக்கிறது ஆகிய நான்கையும் கேளுங்கள். நான்காவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் வருவதில்லை. அதனால் அதை விடாமல் கேளுங்கள்.

மேனாம்பேட்டுப் பையன்கள் சிலரோடு அண்மையில் உட்கார்ந்து அப்படியொரு மனுவை எழுதினோம். 2022-இல் வந்த விதிகளின்படி வார்டுகளில் பகுதி சபை கூட வேண்டும் என்பதையும், அங்கே குடியிருப்போர் எவரும் எழுந்து பேசலாம் என்பதையும் அவர்கள் அதுவரை அறிந்திருக்கவில்லை. யார் பேசுவது என்று கேட்டபோது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அணியின் கோல்கீப்பர் தான் பேசுவதாகச் சொன்னான். இரவு ஷிப்ட் இல்லாத நாளாகக் கூட்டம் அமைய வேண்டும் என்பது மட்டும்தான் அவனுடைய கவலை.